பல் போன பிறகும் கால் சூம்பாமல் இருக்க: முதியவர்களின் வாய், தட்டு, தசை

கடைவாய்ப் பற்கள் போனதும் வீட்டில் முதலில் மாறுவது சாப்பாட்டுத் தட்டு. சுண்டல் நிற்கும். அடுத்து கறி, வேர்க்கடலை, அடை, முருங்கைக்காய். சில மாதங்களில் ரசம் சாதம், இட்லி, கஞ்சி, டீயில் தோய்த்த ரஸ்க் என்று சுருங்கிவிடும். வயிறு நிறைகிறது என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு வருடம் கழித்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, பஸ் படி ஏற முடியவில்லை, குளியலறையில் தடுமாறுகிறார் என்னும்போது "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். வயதுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அந்த ஒரு வருடம் தட்டில் என்ன இருந்தது என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

55 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணி. காலையில் இரண்டு இட்லி, மேலாக ஊற்றிய தெளிந்த சாம்பார்: 5, 6 கிராம் புரதம். மதியம் ரசம் சாதம், கொஞ்சம் மோர் சாதம்: இன்னொரு 6 கிராம். இரண்டு வேளை டீ, ரஸ்க்: 6 கிராம். இரவு கஞ்சி அல்லது பாலில் ஊறிய இடியாப்பம்: 5 கிராம். மொத்தம் 23 கிராம் வந்தால் அதிகம். அவருக்குத் தேவை 55 முதல் 66 கிராம். மீதியை உடல் தன் தசையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இந்தத் தசை இழப்பைத்தான் மருத்துவர்கள் சார்கோபீனியா என்கிறார்கள்.

பல் போன பாட்டிகள் வெற்றிலையை விட்டதில்லை. சின்ன உரலில் இடித்துப் போட்டுக்கொண்டார்கள். வெற்றிலைக்குச் செய்த அந்த ஏற்பாட்டைப் பருப்புக்கும் முட்டைக்கும் மீனுக்கும் கறிக்கும் செய்ய வேண்டும். மெல்ல முடியாததை மிருதுவாக்குங்கள், தட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். கூடவே வாயையும் சரிசெய்ய வேண்டும், கால்களுக்கும் வேலை கொடுக்க வேண்டும். மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டின் பலன் பாதியாகிவிடும்.

முதலில் அளந்து எழுதிவையுங்கள்

ஒரு நோட்டு, அளவு நாடா, எடைக்கருவி, செல்போன் டார்ச் போதும்.

எடை: மாதம் ஒருமுறை, அதே கருவியில், காலையில் கழிப்பறை போய்வந்த பின், சாப்பிடும் முன். முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57-க்கு வந்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டிய அளவு அது. உடல் பருமனானவர்களிடம் எடையை மட்டும் நம்பாதீர்கள். வயிறு பெருத்திருக்கும்போதே தொடை சூம்பிக்கொண்டிருக்கலாம், கொழுப்பு அதை மறைத்துவிடும்.

கெண்டைக்கால்: உட்கார்ந்து, பாதம் தரையில் பட, தடித்த பகுதியில் நாடாவை இறுக்காமல் சுற்றுங்கள். ஆசிய நாடுகளின் சார்கோபீனியா நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவுப்படி ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் கீழும் பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். நாடா இல்லையென்றால் ஜப்பானிய முறை ஒன்று உண்டு: முதியவர் தன் இரு கைகளின் கட்டைவிரல்களையும் ஆள்காட்டிவிரல்களையும் வளையமாகச் சேர்த்துக் கெண்டைக்காலைப் பிடிக்கட்டும். விரல்கள் எட்டாமல் நின்றால் நல்லது. விரல்கள் சேர்ந்த பிறகும் உள்ளே இடைவெளி இருந்தால் தசை குறைந்திருக்கிறது. கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இரண்டு அளவும் ஏமாற்றும்.

எழும் நேரம்: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் பலம் குறைவு. எங்களைக் கேட்டால், வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதுதான் மிகப் பயனுள்ளது. மாத்திரைச் சீட்டுக்குப் பக்கத்திலேயே இந்த எண்ணையும் எழுதிவைக்கலாம்.

வாய்: டார்ச் அடித்துப் பாருங்கள். ஆடும் பல், ஈறில் ரத்தம், பல்லின் வேர்ப்பகுதியில் பழுப்புக் குழி, நாக்கில் தடித்த வெள்ளைப் படிவு, பல் செட்டின் அடியில் சிவந்த அண்ணம், வாயோரத்தில் வெடிப்பு. கன்னத்தின் உள்பக்கமும் நாக்கின் ஓரமும் கட்டாயம் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முன்போல் அகலமாகத் திறக்காதது ஆகியவை இருந்தால் தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் போக வேண்டும். வெற்றிலை பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவர்களிடம் இது மாதாமாதம் செய்ய வேண்டிய வேலை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும்.

நாக்கும் உதடும்: "ப, ப, ப" என்று ஐந்து விநாடி முடிந்தவரை வேகமாகச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு "த", "க". விநாடிக்கு ஆறு, அதாவது முப்பது புள்ளிக்குக் கீழே இருந்தால் நாக்கும் உதடும் தளர்ந்திருக்கின்றன. நாக்கும் தசைதான். கால் மெலியும்போது அதுவும் மெலியும், பிறகு விழுங்குவதே சிரமமாகும். ஜப்பானில் 1989 முதல் "80 வயதில் 20 பல்" என்று ஓர் இயக்கமே நடத்துகிறார்கள். இந்த வாய்த் தளர்ச்சிக்கான பரிசோதனையை 2018-இல் அரசு மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்துவிட்டார்கள். நம் ஊரில் முதியோர் பரிசோதனை என்றால் சர்க்கரை, பிரஷர், கொழுப்போடு நின்றுவிடுகிறது. வாயைத் திறக்கச் சொல்பவர்கள் குறைவு.

வாய் சுத்தம்

மென்மையான, சிறிய தலையுள்ள பிரஷ். பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட். ட்யூபில் ஃபுளோரைடு அளவு 1000 பிபிஎம் (ppm) அல்லது அதற்கு மேல் என்று இருக்க வேண்டும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பிரஷைச் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன அசைவாகத் தேய்க்க வேண்டும். முடிந்ததும் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். முதுமையில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். அந்த வேருக்கு எனாமல் கவசம் கிடையாது. அதனால் ஐம்பது வருடம் சொத்தையே வராத பல்கூட எழுபதில் வேரோடு அரித்து ஒடிந்து விழும். கரித்தூள், உப்பு, சொரசொரப்பான பற்பொடி எல்லாம் அந்த வேரை இன்னும் வேகமாகத் தேய்க்கும்.

இரவுத் துலக்கல்தான் முக்கியம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். விரல் மடங்காத மூட்டுவலிக்காரர்களுக்கு பிரஷ் கைப்பிடியில் சைக்கிள் ஹேண்டில் ரப்பரைச் செருகிக் கொடுங்கள், பிடிப்பு கிடைக்கும். ஈறில் ரத்தம் வருகிறது என்று துலக்குவதை நிறுத்துபவர்கள் ஏராளம். அழுக்குத் தங்கிய ஈறுதான் ரத்தம் கசியும். மென்மையாகத் தொடர்ந்து துலக்கினால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும், அடங்காவிட்டால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோய்க்கும் ஈறு நோய்க்கும் இருவழித் தொடர்பு உண்டு, ஒன்று கெட்டால் மற்றதும் கெடும்.

பல்லே இல்லாத வாய்க்கும் சுத்தம் வேண்டும். ஈரமான காஸ் துணியை விரலில் சுற்றி ஈறு, அண்ணம், கன்னத்தின் உள்பக்கம், நாக்கு என்று துடைத்துவிடுங்கள். படுக்கையில் இருப்பவருக்குத் தலைப்பக்கத்தை உயர்த்தி, முகத்தை ஒருபக்கம் திருப்பி, பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. நினைவிழப்பு உள்ளவரின் பற்களுக்கு நடுவே உங்கள் விரலை விடாதீர்கள். ஒரு பிரஷின் கைப்பிடியைக் கடிக்கக் கொடுத்துவிட்டு இன்னொன்றால் துலக்கலாம். இவ்வளவு சொல்வதற்குக் காரணம் நிமோனியா. அழுக்கு வாயின் கிருமிகள் உமிழ்நீரோடு நுரையீரலுக்கு இறங்கும். ஜப்பானிய முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டு நடந்த ஆய்வு ஒன்றில், உதவியாளர்கள் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் வாய் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கும், அப்படிச் செய்யாதவர்களில் 19 சதவீதம் பேருக்கும் நிமோனியா வந்தது.

வாய் வறட்சியைத் தனியாகக் கவனியுங்கள். ரஸ்க் அல்லது இட்லிப்பொடியைத் தண்ணீர் குடிக்காமல் விழுங்க முடியவில்லை, நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது என்றால் உமிழ்நீர் குறைவு. பெரும்பாலும் மாத்திரைகள்தான் காரணம்: நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின், அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், நீர் இறங்கத் தரும் மாத்திரைகள். எதையும் நீங்களாக நிறுத்தாமல், முழு மாத்திரைப் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டி மாற்று கேளுங்கள். வறண்ட வாய்க்காக மிட்டாய் சப்பிக்கொண்டே இருந்தால் வேர்ச்சொத்தை விரைந்து வரும்.

பல் செட்

முழு செட்டின் மெல்லும் வலு சொந்தப் பல்லின் வலுவில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாததால் பலர் ஏமாந்து, ஒரு வாரத்தில் செட்டை டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். பழக சில வாரங்கள் ஆகும். முதல் நாட்களில் குழைந்த உணவு. பிறகு சின்னத் துண்டுகளாக, இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து வைத்து மெல்ல வேண்டும். ஒரே பக்கம் மென்றால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். முன்பல்லால் கொய்யாவைக் கடித்தால் பின்பக்கம் கழன்றுவிடும்.

இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். ஜப்பானில் 85 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வில், செட்டுடன் தூங்கியவர்களுக்கு நிமோனியா அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. கழுவும்போது வாஷ்பேசினில் கொஞ்சம் தண்ணீர் நிரப்பியோ துண்டு விரித்தோ கொள்ளுங்கள். கை நழுவி விழுந்துதான் பெரும்பாலான செட்கள் உடைகின்றன. தனியாக ஒரு மென்மையான பிரஷ், சாதாரண சோப்பு. பேஸ்ட் போட்டால் கீறல் விழும், கீறலில் கிருமி தங்கும். வெந்நீரில் போட்டால் செட் வளைந்துவிடும், மறுபடி பொருந்தாது.

தளர்ந்த செட்டுக்குப் பஞ்சு வைப்பது, உடைந்ததை உடனடிப் பசையால் ஒட்டுவது இரண்டும் வேண்டாம். மயிரிழை விலகி ஒட்டினாலும் கடி மாறும், ஈறு புண்ணாகும். தாடை எலும்பு காலப்போக்கில் கரைவதால் செட் தளரும், எடை குறைந்தாலும் தளரும். பல் மருத்துவரிடம் ரீலைனிங் என்று கேளுங்கள், உள்பக்கத்தை மட்டும் புதுப்பித்துத் தருவார்கள். ஈறு வலிக்காகப் போகும்போது செட்டை வீட்டிலேயே கழற்றிவைத்துவிட்டுப் போகாதீர்கள். முந்தைய நாளிலிருந்து சில மணி நேரமாவது போட்டிருந்தால்தான் எங்கே உரசுகிறது என்ற தடம் தெரியும், அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் தர முடியும். கீழ்த்தாடை முழு செட்தான் எப்போதும் தகராறு செய்யும். வசதி இருந்தால் கீழே தாடை எலும்பில் பதிக்கும் இரண்டு திருகுகளை (இம்ப்ளான்ட்) பொருத்தி அதன்மேல் செட்டை மாட்டுவது பெரிய வித்தியாசம் தரும்.

பல் பிடுங்கும் முன் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எலும்புத் தேய்வுக்கு அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரையோ ஜோலட்ரோனிக் ஊசியோ எடுத்தாரா. முதலாவதை நீங்களாக நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். செலவுக்குத் தயங்குபவர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

எவ்வளவு புரதம்

நலமாக இருக்கும் முதியவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளில் 1 முதல் 1.2 கிராம். நோயிலிருந்து தேறும்போது 1.2 முதல் 1.5 கிராம். இது இளைஞர்களுக்குச் சொல்லும் 0.83 கிராமை விட அதிகம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வயதான தசை, உண்ட புரதத்துக்கு மந்தமாகவே பதில் கொடுக்கும். அதனால்தான் மொத்த அளவு மட்டும் போதாது, ஒவ்வொரு வேளையிலும் 20 கிராமுக்குக் குறையாமல் வரும்படி பிரிப்பது நல்லது. நம் வீடுகளில் காலை உணவில்தான் பெரிய ஓட்டை.

சிறுநீரகக் கோளாறு இருந்து, டயாலிசிஸ் இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவுக்குள் நில்லுங்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு நேர்மாறாகப் புரதம் கூடுதலாக வேண்டும்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு மனக்கணக்கு: முட்டை ஒன்று 6 கிராம். பால் 200 மில்லி 6.5. கட்டித்தயிர் ஒரு கிண்ணம் 5. மீனோ கோழியோ எலும்பில்லாமல் 100 கிராம், 18 முதல் 20. பன்னீர் 50 கிராம் 9. 200 மில்லி டம்ளரில் கால் அளவு பருப்பு, அதாவது 45 கிராம், வெந்தபின் 10 கிராம் புரதம். பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி 3 முதல் 4. ஒரு கப் சாதம் 4.

கேழ்வரகுக் கஞ்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெம்பு என்று நம்பி மூன்று வேளையும் கொடுக்கிறார்கள். 25 கிராம் மாவில் கரைத்த ஒரு டம்ளர் கஞ்சியில் 2 கிராம் புரதம்கூட முழுதாக இருக்காது. கால்சியம் நல்ல அளவு உண்டு, அதற்காகக் குடிக்கட்டும். ஆனால் பாதித் தண்ணீருக்குப் பதில் பால், மேலே ஒரு கரண்டி பால் பவுடர், பொட்டுக்கடலை மாவு சேர்த்துக் காய்ச்சுங்கள். விளம்பரத்தில் வரும் பானப் பொடிகளை வாங்கும் முன் ஒரு வேளை அளவில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். பல பொடிகளில் சர்க்கரையே முந்தும்.

அடுப்படியில்

மிருதுவா என்று பார்க்க ஒரு சோதனை: முள்கரண்டியை உணவின்மேல் வைத்துக் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். நசுங்கி, எடுத்தபின் மீண்டும் உப்பாமல் இருந்தால் ஈறாலேயே மெல்லலாம். துண்டுகள் ஒன்றரை செ.மீ.க்கு மேல் வேண்டாம்.

பருப்பு: அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்று மடங்கு தண்ணீரில் குழைய வேகவைத்து மத்தால் மசியுங்கள். சாம்பார் ஊற்றும்போது கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி எடுங்கள். மேலே தெளிந்திருக்கும் நீரைப் பெரியவர்களுக்கும் அடியில் தங்கும் பருப்பைப் பிள்ளைகளுக்கும் ஊற்றுவது பல வீடுகளில் தெரியாமல் நடக்கிறது. பருப்பு உருண்டைக் குழம்பு பல் இல்லாதவர்களுக்கென்றே அமைந்தது போன்ற உணவு. உருண்டையை ஆவியில் வேகவைத்துக் குழம்பில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் நாக்காலேயே உடையும். உசிலியை வெறுமனே வைத்தால் வாயில் சிதறிப் புரையேறும், மோர்க்குழம்பில் பிசைந்து கொடுங்கள். சுண்டலுக்குக் கடலையைப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெந்ததும் கையால் தேய்த்துத் தோலை நீக்கி மசிக்க வேண்டும். தோல்தான் செட்டுக்கு அடியில் போய் உறுத்துவது.

முட்டை: இரண்டு முட்டையை 150 மில்லி பாலில் உப்பு, மிளகு சேர்த்து நுரைக்காமல் அடித்து, நெய் தடவிய கிண்ணத்தில் வடிகட்டி ஊற்றி, தட்டால் மூடி, இட்லிப் பானையில் சிறு தீயில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். தீ அதிகமானால் ஓட்டை ஓட்டையாகி ரப்பர் போலாகிவிடும். மூடாமல் விட்டால் ஆவித் தண்ணீர் சொட்டி மேற்பரப்பு கெடும். கத்தி குத்தி எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும். 17 கிராம் புரதம், ஒரு பல்கூடத் தேவையில்லை. அவித்த முட்டையின் மஞ்சள் கரு தொண்டையில் அடைக்கும் என்பவர்களுக்கு இதுவே நல்ல வழி.

மீன்: சுறாப்புட்டு நல்ல தேர்வு, குத்தும் முள் கிடையாது. ஆனால் உதிரியாக வைத்தால் உசிலிக்குச் சொன்ன அதே சிக்கல்தான், கெட்டிக் குழம்போ தயிரோ சேர்த்துப் பிடிக்கும் பதத்தில் கொடுங்கள். பாதரசம் சேரும் மீன் என்பதால் எப்போதாவது போதும். மற்ற நாட்களில் முள் குறைந்த மீனைக் குழம்பில் வேகவைத்து, விரல் நுனியால் தடவித் தடவி முள் எடுத்துப் பிசையுங்கள். கண்ணுக்குத் தப்பும் முள் விரலுக்குத் தப்பாது.

கறி: கோழியின் நெஞ்சுக்கறி உலர்ந்து நாராகும், தொடைக்கறி வாங்குங்கள். கைமாவாக்கி, தயிரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மூடிச் சிறு தீயில் வேகவையுங்கள். கோலா உருண்டையை எண்ணெயில் பொரிக்காமல் குழம்பில் விட்டு வேகவைத்தால் மிருதுவாக இருக்கும். சைவர்கள் கடைப் பன்னீரை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து உதிர்த்துப் பயன்படுத்தலாம். மோருக்குப் பதில் கட்டித்தயிர் என்ற ஒரு மாற்றமே ஒரு நாளில் 5, 6 கிராம் கூட்டும்.

ஒரு நாளை இப்படி நிரப்பலாம். காலை: இரண்டு இட்லி, கெட்டிச் சாம்பார், ஒரு கரண்டி பால் பவுடர் கலந்த பால்; முட்டை சாப்பிடுபவர்களுக்கு மேலே சொன்ன முட்டையில் பாதி. மதியம்: பருப்புச் சாதம் நெய் விட்டுக் குழைத்து, மீன் அல்லது பன்னீர், தயிர். நான்கு மணிக்கு ரஸ்குக்குப் பதில் வேர்க்கடலையை நைசாக அரைத்துப் பாலில் காய்ச்சிய பானம் அல்லது நன்கு குழைந்த பாசிப்பருப்புப் பாயசம். இரவு: கைமா அல்லது பருப்பு உருண்டையோடு ஊறிய இடியாப்பம். வயிறு சுருங்கியவர்கள் ஒரே வேளையில் நிறையச் சாப்பிட மாட்டார்கள். அதனால் தண்ணீரைக் கூட்டும் பண்டங்களைக் குறைத்து, நெய், தேங்காய்ப்பால், நல்லெண்ணெய் சேர்த்து அதே அளவு சாப்பாட்டில் சத்தை அடர்த்தியாக்குங்கள். மொத்தக் கலோரி போதாவிட்டால் கொடுத்த புரதத்தை உடல் எரிபொருளாக எரித்துவிடும்.

இருமல் வந்தால்

சாப்பிடும்போது அடிக்கடி இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆவது, காரணமில்லாமல் அடிக்கடி காய்ச்சல்: இவை விழுங்கும் தசை தளர்ந்ததன் அடையாளங்கள். ரசம் சாதம் எளிய உணவு என்றே எல்லோரும் நினைக்கிறோம், விழுங்கச் சிரமப்படுபவருக்கு அதுதான் ஆபத்தானது. ரசம் முன்னால் ஓடிவிடும், பருக்கை பின்னால் வரும், தொண்டை இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். சாதத்தை ரசத்தோடு பருக்கை தெரியாமல் மசித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, நீர் பிரியாத பதத்தில் கொடுங்கள். நேராக உட்கார்ந்து, பாதம் தரையில் பட, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியால். ஒரு வாய் முழுதாக விழுங்கிய பிறகே அடுத்தது. டிவியை அணைத்துவிடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. இருமல் தொடர்ந்தால் விழுங்குதலைப் பரிசோதிக்கும் நிபுணரிடம் காட்ட வேண்டும்.

நாக்குக்கும் பயிற்சி உண்டு. நாக்கை அண்ணத்தில் ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து விடுவது, பத்து முறை. "ப, த, க" வேகமாகச் சொல்வது. நாளிதழோ தேவாரமோ பைபிளோ குர்ஆனோ, தினமும் பத்து நிமிடம் வாய்விட்டு வாசிப்பதும் நல்ல பயிற்சிதான்.

காலுக்கு வேலை

பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில், சராசரி வயது 87 உள்ள நூறு பேரிடம் பத்து வாரம் நடந்த ஆய்வு ஒன்று 1994-இல் வெளியானது. எடைப்பயிற்சி செய்தவர்களின் கால் பலம் இரு மடங்கைத் தாண்டியது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. புரதம் தசையில் போய்ச் சேர வேண்டுமென்றால் தசைக்கு வேலை கொடுத்தாக வேண்டும். நடை நல்லதுதான், ஆனால் அது மட்டும் தசை வளர்க்காது.

சுவரோடு ஒட்டிப் போட்ட, சக்கரமில்லாத உறுதியான நாற்காலி. பாதம் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். முன்னே சாய்ந்து, மூச்சை விட்டபடி எழ வேண்டும். நான்கு எண்ணும்வரை மெதுவாக உட்கார வேண்டும். பொத்தென்று உட்கார்ந்தால் பயிற்சியில் பாதி வீண். எட்டு முதல் பத்து முறை, ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. முடியாதவர்களுக்கு மடித்த போர்வையை இருக்கையில் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், வாரம் ஒரு மடிப்பாகக் குறைக்கலாம். பன்னிரண்டு முறை சுலபமானால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு எழட்டும். அடுத்தது சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது, பத்து முதல் பதினைந்து முறை. ஈரத் துண்டை முறுக்கிப் பிழிவது கைப்பிடிக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும், சத்தமாக எண்ணச் சொன்னால் அடக்க முடியாது. மறுநாள் தொடையில் லேசான வலி இயல்பு. நெஞ்சுவலி, தலைசுற்றல், மூட்டில் குத்தும் வலி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எட்டு வாரத்துக்கு முன் பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆஸ்பத்திரி நாட்கள்

இத்தனை மாத உழைப்பும் ஒரு அட்மிஷனில் கரையக்கூடும். நலமாக இருந்த முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வில், கால்களில் மட்டும் ஒரு கிலோ அளவுக்குத் தசை போனது. செட்டைப் பெயர் எழுதிய, மூடியுள்ள டப்பாவில் கொண்டுபோங்கள். டிஷ்யூவில் சுற்றித் தலையணை ஓரம் வைத்தால் குப்பையோடு போய்விடும். சில வாரம் போடாமல் விட்டாலே செட் பொருந்தாமல் போகலாம். மருத்துவர் அனுமதித்ததும் சாப்பாட்டைக் கட்டிலில் படுத்தபடி கொடுக்காமல், இறங்கி நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுங்கள். பிரஷ் கூடவே இருக்கட்டும். இளநீரும் ஜூஸும் பிஸ்கட்டும் கொண்டுவரும் உறவினர்களிடம், அடுத்த முறை ஆவியில் வேகவைத்த முட்டையோ தயிரோ பன்னீரோ கொண்டுவரச் சொல்லலாம்.

வீடு திரும்பிய வாரத்திலேயே எடை, கெண்டைக்கால், ஐந்து முறை எழும் நேரம் மூன்றையும் மறுபடி எழுதுங்கள். முன்பு எழுதியதைவிட மோசமாக இருந்தால் அடுத்த மூன்று மாதம் புரதத்தை மேல் அளவிலேயே வைத்து, பிசியோதெரபி கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு. அதற்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.